மாங்குளத்துக் காடைப் பண்ணை: கத்தாத காடை வேண்டுமென்றால்

காடை எங்கே வாங்கலாம் என்று இந்த மாதத்தில் மட்டும் நாலு பேர் போன் எடுத்துக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் இங்கே எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணம்-கண்டி ஏ9 வீதியில் மாங்குளம் சந்தியைத் தாண்டி வவுனியாப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போனால் வீதியோரமாக ஒரு வளவு வரும். பெயர்ப்பலகை கிடையாது, படலையில் கட்டிய தகரத்தில் ‘காடை உண்டு’ என்று பெயின்ற்றால் எழுதியிருக்கும், அவ்வளவுதான் அடையாளம். விலை கூடத்தான். சந்தையில் மூன்று குஞ்சு வாங்கும் காசுக்கு இங்கே ஒரு பேடுதான் கிடைக்கும். அப்படியிருந்தும் அங்கேயே போங்கள் என்று சொல்வேன், ஏனென்றால் அங்கே ஆண் எது பேடு எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்துத் தருகிறார்கள், தவறிப்போய் ஆண் வந்துவிட்டால் திருப்பி எடுக்கிறார்கள். வீட்டு வளவில் முட்டைக்காகக் காடை வளர்க்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இது எனக்கு முதலே தெரிந்திருக்கவில்லை. போன வருஷம் சந்தையில் மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் பத்து நாள் குஞ்சு 20 வாங்கினேன். எல்லாம் பேடு என்றார். நம்பினேன். பத்து நாள் குஞ்சில் இறகைப் பார்த்து ஆண் பெண் சொல்லவே முடியாது என்பது அப்புறம்தான் விளங்கியது. மூன்று கிழமை ஆனபோது நெஞ்சு இறகு முளைத்து நிறம் காட்டியது. பேட்டுக்கு நெஞ்சில் எள்ளுத் தூவினது மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும், ஆணுக்குப் புள்ளியே இல்லாமல் ஒரே செங்கபில நிறம். கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 20 இல் 11 ஆண்.

சரி, இருக்கட்டும், இறைச்சிக்கு ஆகும் என்று விட்டுவிட்டேன். ஆறாவது கிழமை தொடங்கியபோது கத்தத் தொடங்கின. காடை சத்தம் கேளாதவர்களுக்குச் சொல்வதென்றால், முதலில் இரண்டு குறுகிய வெட்டு, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட கரகரப்பு, கழுத்தை நிமிர்த்தி நெஞ்சைத் தள்ளிக்கொண்டு முழு உடம்பாலும் கத்தும். 150 கிராம் பறவைக்குள் இருந்து இவ்வளவு சத்தம் எப்படி வருகிறது என்று நான் கூட்டுக்கு முன்னால் குந்தியிருந்து பார்த்திருக்கிறேன். நம்முடைய காட்டுக் கௌதாரியும் விடியப்புறம் கத்துகிறதுதான், ஆனால் அது பற்றைக்குள் எங்கோ தூரத்தில் நின்று கத்தும், விடிந்து கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தும் விடும். இது படுக்கையறை யன்னலில் இருந்து பதினைந்து அடியில், 11 சேவல், ஒன்று நிறுத்தினால் மற்றது.

எங்களுக்கு அடுத்த வளவு மாமியின் மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, விடியக்காலை ஐந்து மணிக்கு பஸ். ஒருநாள் மாமி வேலியடியில் நின்று கூப்பிட்டார். “தம்பி, குறை நினைக்காதை. உந்தப் பறவையள் மூண்டு மணிக்கே தொடங்குதுகள். பிள்ளை பத்து மணிக்குத்தான் வந்து படுக்கிறாள், ரெண்டு கிழமையா நித்திரை இல்லை” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அன்றைக்கே ஏதாவது செய்யவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஆகக் கூடுதலாகக் கத்தின ஒன்றைப் பிடித்து வேறாக்கினேன். அடுத்த நாள் அதுவரை வாயே திறக்காமல் இருந்த இன்னொன்று அதன் இடத்தைப் பிடித்தது. பிறகு எல்லா ஆண்களையும் பிரித்துத் தனிக் கூட்டில் அடைத்தேன், பேடு பக்கத்தில் இல்லாவிட்டால் அடங்கும் என்று நினைத்து. அது பெரிய பிழை. சேவல் காடை கத்துவதே பேட்டைக் கூப்பிடத்தான், துணை இல்லாத ஆண்தான் கூடக் கத்தும், பேட்டின் குரல் காதில் விழுந்து பேட்டைக் காணவும் முடியாவிட்டால் இரவு பகல் இல்லை. அதோடு ஒன்றையொன்று தலையில் கொத்தி இரண்டுக்குக் கண் வீங்கிப் போனது.

அடுத்தது வெளிச்சம். எங்கள் பக்கம் யானை வரும் என்று முற்றத்தில் ஒரு சோலர் லைற் இரவு முழுக்க எரிகிறது. அது நேரே கூட்டில் விழுந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை. அதற்கு மேல், முட்டை கூடும் என்று யாரோ சொல்லக் கேட்டுப் பின்னேரத்தில் பல்பும் போட்டுக்கொண்டிருந்தேன். பேட்டுக்கு ஒரு நாளில் 14 மணி நேர வெளிச்சம் கிடைத்தால் முட்டை ஒழுங்காக வரும் என்பது உண்மைதான், ஆனால் அதே நீண்ட வெளிச்சம்தான் ஆணின் விதையைப் பெருக்க வைத்து, கத்துவதற்கான சுரப்பையும் கூட்டுகிறது. வன்னியில் பகல் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தைச் சுற்றியே இருப்பதால் மிச்ச வெளிச்சம் எல்லாம் நாம் கொடுப்பதுதான். சோலர் லைற்றை வேலிப் பக்கம் திருப்பி, பல்பைக் கழற்றினேன். நடுச்சாமக் கத்தல் நின்றது. விடியப்புறக் கத்தல் நிற்கவில்லை.

இருட்டை இன்னும் நீட்டினால் என்ன என்று பின்னேரம் ஐந்திலிருந்து காலை ஒன்பது வரை கறுப்புத் தறப்பாளால் மூடியும் பார்த்தேன். எட்டு மணி நேர வெளிச்சம் மட்டும் கொடுத்தால் சில கிழமைகளில் ஆண் அடங்கிவிடும், இது வேலை செய்கிற வழிதான், எனக்கும் மூன்றாவது கிழமையில் சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஓகஸ்ட் மாத வெக்கையில் தறப்பாளுக்குள் கை விட்டுப் பார்த்தேன், அடுப்படி மாதிரி இருந்தது. காடைகள் வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கின. அன்றே கழற்றி எறிந்தேன். மூடத்தான் வேண்டுமென்றால் காற்றுப் போகிற சாக்கோ பனையோலைப் பாயோ போட்டு, இருட்டிலிருந்து விடியும் வரை மட்டும் மூடுங்கள். பேடுகளையும் சேர்த்து நீண்ட நேரம் மூடிவிட்டு முட்டை இல்லை என்று கவலைப்படாதீர்கள், அதுவும் வெளிச்சத்தோடு போய்விடும்.

இந்த நிலையில்தான் மாங்குளத்துப் பண்ணைக்குப் போனேன். 11 ஆணையும் பெட்டியில் கொண்டுபோய், வேறு இடத்தில் வாங்கினது, எடுப்பீர்களா என்று கேட்டேன். அந்த அண்ணை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தராசில் வைத்து இறைச்சி விலைக்கு எடுத்துக்கொண்டார். “தம்பி, குஞ்சு பொரிக்க வைச்சால் பாதி ஆண் வரும், அது ஆராலையும் மாத்தேலாது. ஆணை என்ன செய்யிறதெண்டு முதல் யோசிச்சிட்டுத்தான் குஞ்சை யோசிக்கோணும்” என்றார்.

பேடு கேட்டதும் நாலு கிழமைக் காடைகள் இருந்த தட்டைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, நெஞ்சைத் திருப்பி என் கண்ணுக்கு முன்னால் காட்டிக் காட்டிப் பெட்டியில் போட்டார். ஆண் என்று கண்டதை ஒதுக்கிக் காலில் நீல வளையம் மாட்டினார். வளர்ந்த ஆணை அறிகிற முறையையும் காட்டினார்: பறவையை மல்லாத்திப் பிடித்து, வாலுக்குக் கீழே துவாரத்துக்கு மேலே புடைத்திருக்கிற இடத்தைப் பெருவிரலால் மெல்ல அமர்த்த, சவர்க்கார நுரை போல வெள்ளையாக வந்தது. பேட்டில் அந்தப் புடைப்பும் இல்லை, நுரையும் இல்லை. இதை ஒரு தரம் பார்த்தால் வாழ்நாளுக்குப் போதும், இனி ஒருவரும் உங்களை ஏமாற்ற முடியாது.

வெள்ளைக் காடையும் இருந்தது. பார்க்க வடிவு, மகளுக்கு நாலு வாங்கலாம் என்று கேட்டேன். நெஞ்சு இறகு முழு வெள்ளை என்பதால் புள்ளி பார்த்துப் பிரிக்க முடியாது, ஆறு கிழமை ஆகி நுரை பார்த்த பிறகுதான் உறுதி சொல்வேன், இப்போது கொண்டுபோகாதே என்றார். விற்றிருந்தால் காசு அவருக்குத்தான். அந்த இடத்தில்தான் எனக்கு இந்தப் பண்ணையில் முழு நம்பிக்கை வந்தது.

15 பேடு வாங்கினேன். அதில் ஒன்று வீட்டுக்கு வந்து பதினைந்தாம் நாள் கத்தியது! எடுத்துக்கொண்டு போனேன், நுரையைப் பார்த்தார், சொன்ன சொல் மாறாமல் வேறு பேடு தந்தார். பெற்றோல் செலவு எனக்கு, அதை அவர் தலையில் கட்டமுடியாது.

குறையும் சொல்லவேண்டும். பெட்டி சரியில்லை. உயரமான காட்போட் பெட்டியில் போட்டுத் தந்தார்கள். காடை பயந்தால் ஓடாது, நேரே மேலே பாயும், பள்ளமான வீதியில் பெட்டி குலுங்கிக் குலுங்கி, வீட்டுக்கு வந்து திறந்தபோது இரண்டின் உச்சந்தலைத் தோல் கிழிந்திருந்தது. மஞ்சள் பூசி ஒதுக்கி வைத்து ஆற எட்டு நாளானது. ஒரு சாண் உயரத்துக்கு மேற்படாத பெட்டியை நீங்களே கொண்டுபோங்கள், மூடிக்குப் பதிலாகத் துணியைக் கட்டுங்கள். அங்கே உரப்பையில் அளந்து விற்கிற தீனையும் வாங்கவேண்டாம், எப்போது அரைத்தது என்று கேட்டால் மறுமொழி தெளிவாக இல்லை. காடைக்குச் சாதாரணக் கோழியைவிடப் புரதம் கூட வேண்டும், ஒன்று ஒரு நாளைக்கு 20 முதல் 25 கிராம்தான் தின்னும், அந்தக் கொஞ்சமாவது நல்லதாக இருக்கவேண்டும். போன் எடுத்தால் மறுமொழி வராது, நேரே போவதுதான் வழி.

ஆண் தேவையா என்று கேட்பவர்களுக்கு: சாப்பிடுகிற முட்டைக்கு ஆண் தேவையே இல்லை, பேடு தனியாகவே இடும். குஞ்சு எடுக்க விருப்பமென்றால் ஐந்து பேட்டுக்கு ஓர் ஆண் போதும், அந்த ஒன்றையும் பேடுகளுக்குள்ளேயே விடுங்கள், துணையோடு இருக்கிற ஆண் கத்துவது எவ்வளவோ குறைவு. நான் இப்போது ஒன்றே ஒன்று வைத்திருக்கிறேன், மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால், மாமி வீட்டுக்கு எதிர்ப்பக்கம். விடியும்போது மூன்று நாலு தரம் கத்தும், அவ்வளவுதான். பேடுகள் சிள்வண்டு மாதிரி மெல்லக் கிர்ரென்று சத்தம் போடும், அது வேலியைத் தாண்டாது. பொரித்து எடுத்த கடைசித் தொகுதியில் வந்த ஒன்பது ஆணை, கத்தத் தொடங்கும் முன்பே, ஆறு கிழமைக்குள் தோலோடு உரித்துப் பிரட்டல் வைத்தோம். இறகு பிடுங்கி மினக்கெடத் தேவையில்லை. ஒரு சட்டி மாமி வீட்டுக்கும் போனது.

நாலு கிழமையில் வாங்கின பேடுகள் ஏழாவது கிழமை முடிவில் முட்டையிடத் தொடங்கின, இப்போது நாளுக்கு 12, 13 முட்டை வருகிறது. பண்ணைக்குப் போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், வெயில் ஏறினால் பெட்டிக்குள் இருக்கிற காடை வீடு வந்து சேராது. வழியில் எங்கும் தேத்தண்ணிக்கு நிற்கவும் வேண்டாம்.