பிரஷர் மேப்பிங் விரிப்பு: வார்டில் பயன்படுத்திய அனுபவம்

படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்ள எங்கள் வார்டில் சில மாதங்களாக ஒரு பிரஷர் மேப்பிங் விரிப்பு இருக்கிறது. மெல்லிய விரிப்புதான், உள்ளே வரிசை வரிசையாகச் சென்சார்கள்; மெத்தைக்கும் நோயாளிக்கும் நடுவில் போட்டால் உடம்பு எங்கே எவ்வளவு அழுந்துகிறது என்று திரையில் நிறமாகத் தெரியும். நீலம் குறைவு, சிவப்பு அதிகம்.

இதன் அருமை ஒரு பாட்டியிடம்தான் புரிந்தது. பக்கவாதம், தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. காற்றுப் படுக்கை போட்டும் இடுப்புக்குப் பின்னால் தோல் சிவந்துகொண்டே இருந்தது. விரிப்பைப் போட்டதும் சரியாக அந்த இடத்தில் அடர் சிவப்பு. சாப்பாட்டுக்கு உயர்த்திய தலைமாட்டை அப்புறம் யாரும் இறக்கவில்லை, அடியில் நாலாக மடித்த போர்வை, அதன்மேல் ரப்பர் ஷீட். தலைமாட்டை 30 டிகிரிக்கு இறக்கி அதையெல்லாம் உருவியதும் சிவப்பு கரைந்து மஞ்சளாகப் பரவியது. கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை கொடுத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டோம், அங்கே நிறமே இல்லை. "மெத்துன்னு இருக்கட்டும்னு நான்தான் சிஸ்டர் போர்வையை வச்சேன்" என்றார் மகள், திரையை விட்டுக் கண் எடுக்காமல். நாங்கள் எத்தனை முறை சொல்லியும் பதியாதது அந்தப் படத்தில் பதிந்துவிட்டது.

ஆனால் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். அழுத்தம் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருந்தால் படுக்கைப்புண் பயமில்லை என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது 1930-ல் லாண்டிஸ் என்பவர் விரல் நக ஓரத்து நுண் இரத்தக் குழாய்களில் அளந்ததிலிருந்து வந்த எண், மெலிந்துபோன ஒரு முதியவரின் இடுப்புக்கு அதை எப்படி எல்லையாக வைப்பது? தோல் இழுபடுவதையும் வியர்வை ஈரத்தையும் இந்த விரிப்பு காட்டாது. அதனால் திருப்பிப் படுக்கவைப்பதையோ தோலைக் கண்ணால் பார்ப்பதையோ நாங்கள் விடவில்லை.

படுத்த உடனே அளவெடுத்தாலும் தப்பு, ஃபோம் அமிழ்ந்து நிலைக்கச் சில நிமிடம் ஆகும். உள்ளே இருக்கும் காற்றறைகள் மாறி மாறி நிரம்பும் படுக்கை என்றால் ஒரு சுற்று முழுவதும் பார்க்க வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் விழுந்தாலே பொய்ச் சிவப்பு வரும், ஒருமுறை அதை நம்பி நல்ல குஷனை மாற்றிவிட்டோம்.

ஒரே ஆளை இரண்டு குஷனில் உட்காரவைத்து ஒப்பிட இதைவிட வசதியானது நான் பார்த்ததில்லை. வாங்குவதாக இருந்தால் காலிபிரேஷன் (அளவு சரியாக இருக்கிறதா என்று சரிபார்ப்பது) யார் செய்வார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, உறையைக் கிருமிநாசினியால் துடைக்கலாமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.