மதுரையில் ஒரு பழைய மல்டிமீட்டரும் அதன் ஜிபிஐபி இணைப்பும்: மூன்றாண்டு அனுபவம்

திருநகரில் உள்ள எனது வீட்டு மேசையில் எச்பி 3478ஏ மல்டிமீட்டர் ஒன்று மூன்று ஆண்டுகளாக உழைத்து வருகிறது. 1980களின் தொடக்கத்தில் வெளிவந்த, ஐந்தரை இலக்கம் காட்டும் கருவி அது. மூடப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்தின் பொருள்களோடு ஏலத்தில் எடுத்தபோது அளவுகள் சரியாகவே வந்தன; கருவியைக் கணினியோடு இணைக்கும் பின்பக்கத்து 24 முனை ஜிபிஐபி இணைப்பு மட்டும் பேசவில்லை. திரையைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்டனர். போதாது. இக்கருவியின் காலிபரேஷன் எண்கள், அதாவது அளவுகளைச் சரிசெய்யும் திருத்த எண்கள், மூன்று வோல்ட் லித்தியம் பேட்டரியின் தயவில் உயிர்வாழும் ராம் என்ற ஒரு சிறிய நினைவகச் சிப்பில் இருக்கின்றன. பேட்டரி தீர்ந்துவிட்டால் எண்கள் அழிந்துவிடும். கருவியைத் திறக்காமல் அவற்றைப் படித்துச் சேமிப்பதற்கு அந்தப் பின்பக்க இணைப்பே வழி.

1975இல் ஐஇஇஇ 488 என்று தரப்படுத்தப்பட்ட இந்த ஜிபிஐபி முறையில் எட்டுத் தரவுக் கோடுகள், அனுப்புவதையும் பெறுவதையும் ஒத்திசைக்கும் மூன்று கைகுலுக்கல் கோடுகள், ஐந்து மேலாண்மைக் கோடுகள் என மொத்தம் பதினாறு சமிக்ஞைகள் உண்டு. ஒவ்வொரு கோடும் 5 வோல்ட்டுக்கு 3 கிலோ ஓம், தரைக்கு 6.2 கிலோ ஓம் என்று மின்தடைகளால் இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால், கேபிள் ஏதும் மாட்டாமல் கருவியை இயக்கினால் எல்லாக் கோடுகளும் ஏறத்தாழ 3.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். என் கருவியில் பதினைந்து கோடுகள் அப்படியே நின்றன; ‘இன்னும் தயாரில்லை’ என்று அறிவிக்கும் என்ஆர்எஃப்டி கோடு மட்டும் 0.3 வோல்ட்டில் கிடந்தது. தாழ்ந்த நிலைதான் இங்கே ‘ஆம்’ என்று பொருள்படும். பந்தியில் கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரை மற்றவர்கள் எழாமல் காத்திருப்பதைப் போல, அந்த ஒரு கோடு மேலே வரும்வரை அனுப்புகிற கருவி அடுத்த எழுத்தை அனுப்பாது. கோடுகளில் சமிக்ஞைகளை அனுப்பிப் பெறும் ட்ரான்சீவர் சிப்பின் உள்பக்கக் காலில் தாழ்த்தும் கட்டளை எதுவும் இல்லாததைக் கண்டபின், அதன் வெளியீட்டுப் பகுதிதான் எரிந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று. டவுன்ஹால் ரோட்டில் நான் ஏறி இறங்கிய கடைகளில் அந்த சிப் இல்லை; தபாலில் வரவழைத்து, சாக்கெட் வைத்துப் பொருத்தினேன்.

கணினிப் பக்கத்துக்கு, அர்டுயினோ நானோ என்ற சிறு மின்னணுப் பலகையை, அதில் இயங்கும் ஏஆர்488 என்ற இலவச மென்பொருளோடு அடாப்டராகப் பயன்படுத்துகிறேன். முதல் வேலையாக, ‘டபிள்யூ’ கட்டளையோடு முகவரி எண்ணை அனுப்பி ராமின் 256 இடங்களையும் படித்தேன். 10, 13, 27, 43 ஆகிய முகவரிகளில் மட்டும் பதில் பிசகியது. அந்த நான்கு எண்களையும் அடாப்டர் தனக்குரிய குறியாக எடுத்துக்கொள்வதால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் 27ஐச் சேர்த்து அனுப்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் பிடித்தன. இதைச் செய்யப்போகிறவர்கள் முதலிலேயே குறித்துக்கொள்ளட்டும். படித்ததைச் சேமித்த பின், மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழைய பேட்டரிக்கு இணையாகத் தற்காலிகமாக இன்னொன்றைக் கட்டிக்கொண்டு, புதியதைப் பற்றவைத்தேன். மறுபடி படித்தபோது 256 எழுத்துகளும் மாறாமல் இருந்தன.

அதன்பின் வந்த மூன்று கோடைகளிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஒரு நிலையான மின்னழுத்தத்தை இரவு பகலாகப் பதிவு செய்திருக்கிறேன். கருவியின் துல்லிய வரையறை, காலிபரேஷன் செய்த வெப்பநிலையிலிருந்து ஐந்து டிகிரிக்குள் மட்டுமே முழுமையாகப் பொருந்தும்; 23 டிகிரியில் காலிபரேஷன் செய்த கருவிக்குச் சித்திரை மாத மதுரை அறை அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதனால் வெப்பநிலையையும் சேர்த்தே பதிகிறேன். ஐப்பசி இடிமழையில் கேபிளைக் கழற்றிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

அடாப்டரில் எனக்குள்ள குறைகள் இரண்டு. கணினியை அணைத்தால், மின்சாரம் இல்லாத நானோவின் கால்கள் கோடுகளைக் கீழே இழுத்துவிடுகின்றன. மேலும் இந்த முறையில் கோடுகளை இயக்கும் சிப் 48 மில்லியாம்பியர் உள்வாங்க வேண்டும். நானோவின் கால் ஒன்றுக்கு 20 மில்லியாம்பியருக்கு மேல் கொடுப்பது நல்லதல்ல. ஒரே மீட்டர் என்றால் சிக்கல் இல்லை. பல கருவிகளை இணைப்பதற்கு அது பொருந்தாது. எஸ்என்75160, எஸ்என்75161 சிப்புகள் மின்சாரம் இல்லாதபோதும் கோடுகளைப் பாரமாக்குவதில்லை என்பதால், அவற்றைச் சேர்த்து வேறு பலகை செய்து வருகிறேன். அதற்கு வாங்கிய பழைய கேபிளில் திருகுகள் வெள்ளி நிறத்தில் இருந்தன. அவை அங்குல அளவு. மீட்டரில் உள்ள கருப்பு நிறத்தவை மெட்ரிக். முறுக்கிப் பார்க்காமல், கருப்புத் திருகுகள் வேண்டும் என்று கடையில் சொல்லியிருக்கிறேன்.