கோடைக்கானல் வீட்டுக்கு எந்தத் தரை: செயற்கைப் புல்லா, அக்ரிலிக்கா?

காரைக்குடியில் இருந்துகொண்டு கோடைக்கானல் வீட்டுக்கு விளையாட்டுத் தரை போடுவதென்றால் ஒன்றை முதலிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்: வருஷத்தில் பெரும்பாலான நாள் அந்த வீடு பூட்டித்தான் கிடக்கும். செட்டிநாட்டு வீடுகளே கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் முழுசாகத் திறக்கின்றன. மலை வீட்டுக்குச் சித்திரை, வைகாசி விடுமுறைதான். நாம் இல்லாதபோது தரையை யார் பார்த்துக்கொள்வது என்பதை வைத்தே நாங்கள் முடிவெடுத்தோம். போட்டது செயற்கைப் புல். எதிரே நின்றது கான்கிரீட்டின் மேல் அக்ரிலிக் பூச்சு.

பந்து விஷயத்தில் அக்ரிலிக்தான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. புல்லில் பாஸ்கெட்பால் தட்டிக்கொண்டு ஓட முடியாது, பிக்கிள்பால் (மட்டையால் பிளாஸ்டிக் பந்தை அடித்து ஆடுவது) ஆடினால் பந்து சரியாக எழும்பாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவது ஷட்டிலும் கால்பந்தும்தான் என்பதால் அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. செலவும் எங்கள் முடிவை மாற்றவில்லை. மலைச்சரிவில் பணத்தை விழுங்குவது மேலே விரிப்பதல்ல, அடித்தளமும் தடுப்புச் சுவரும்.

விஷயம் தண்ணீரில் இருக்கிறது. ஷட்டில் கோர்ட் 44-க்கு 20 அடி. சுற்றிலும் இடம் விட்டு 60-க்கு 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 10 செ.மீ. மழை பெய்தால் 16,000 லிட்டருக்கு மேல் தண்ணீர். கோடைக்கானலுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு; ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்யும். அக்ரிலிக் தரை இந்தத் தண்ணீரைச் சரிவில் ஓடவிட்டுத்தான் தப்பிக்க வேண்டும். 100 அடிக்கு 1 அடி சாய்வு வைப்பார்கள். எங்காவது லேசாகப் பள்ளம் விழுந்தால் போதும், தண்ணீர் அங்கேயே நிற்கும், பாசி பிடிக்கும். அப்புறம் மூடுபனி. மழையே இல்லாவிட்டாலும் தரை ஈரமாகவே கிடக்கும், ஓடுகிற பிள்ளை வழுக்கி விழும். புல்லில், தண்ணீர் அடிவிரிப்பின் துளை வழியாகக் கீழே இறங்கிவிடுகிறது. மழை விட்டதும் ஆடலாம்.

ஆனால் கீழே இறங்கிய தண்ணீருக்கு அங்கிருந்து வெளியே போக வழி வேண்டுமே! எங்கள் வளவு முற்றத்தில் நான்கு பக்கக் கூரைத் தண்ணீரும் விழுந்து மடை வழியாக வெளியேறுவது போல இங்கேயும் ஒரு மடை வேண்டும். மண்ணைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் பெரிய ஜல்லி, அப்புறம் சின்ன ஜல்லி, ஓரத்தில் துளையிட்ட குழாய். சரிவின் மேல்பக்கம் ஒரு கால்வாய் வெட்டி, மலையிலிருந்து வரும் தண்ணீரை அங்கேயே திருப்பிவிட வேண்டும். சமவெளியில் வேலை பார்த்தவர்கள் மட்டம் பார்க்க மேலே கிரஷர் டஸ்டை, அதாவது கல் உடைத்த தூளை, கொட்டுவார்கள். மலையில் அந்தத் தூள் அடைத்துக்கொண்டால் மொத்த அடித்தளமும் வீண். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இன்னொன்று, மலையில் இடம் என்பது பாதி வெட்டியது, பாதி மண் நிரப்பியது. நிரப்பிய பக்கம் நாளாக ஆக அமுங்கும். கான்கிரீட் என்றால் இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விடும். ஜல்லித் தளம் அமுங்கினால் புல்லைச் சுருட்டிவிட்டு மறுபடி நிரவிக்கொள்ளலாம்.

விரிசலைப் பூசி மேலே அக்ரிலிக் அடித்தால் போயிற்று என்பார்கள். எப்போது அடிப்பது? தரை காய்ந்திருக்க வேண்டும், குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. தை மாதம் மழை குறைவு, ஆனால் ராத்திரிக் குளிர் கீழே இறங்கிவிடும். சித்திரையில் குளிர் விட்டுவிடும், உடனே கோடை மழை தொடங்கிவிடும். நடுவில் கிடைக்கும் சில வாரங்களுக்குள் வேலை தெரிந்த ஆட்களைச் சமவெளியிலிருந்து மலை ஏற்ற வேண்டும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் பதப்பட வேறு விட வேண்டும். காரைக்குடியிலிருந்து போனில் நடத்துகிற வேலையா இது?

புல்லுக்கும் வேலை இருக்கிறது, இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பைன் மர ஊசியிலை விழுந்து மக்கினால், புல்லுக்கு இடையே நிரப்பியிருக்கும் மணலில் பாசி வேர்பிடிக்கும், துளை அடைபடும். வாராவாரம் இலையை வாரி, கெட்டியான பிரஷ்ஷால் புல்லை எதிர்ப்பக்கமாகத் தேய்க்க வேண்டும். பிரஷர் வாஷர் அடித்தால் மணல்தான் பறக்கும். ஆனால் தோட்டக்காரரே செய்துவிடக்கூடிய வேலை இது. எட்டுப் பத்து வருஷம் வரும் என்கிறார்கள். எங்களுடையது இன்னும் புதிது, அந்தக் கணக்குக்கு நான் சாட்சி இல்லை. வெயிலே படாத மூலையில் இப்போதே பச்சை தட்டுகிறது.

புல்லுக்கு நடுவே ரப்பர் தூள் போடச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மழையில் அடித்துக்கொண்டு ஓடைக்குப் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியமே 2031 முதல் அதன் விற்பனையைத் தடுக்கச் சட்டம் போட்டிருக்கிறது. குட்டைப் புல், கழுவிய சிலிக்கா மணல் போதும்.

இதையெல்லாம் காரைக்குடிக்கு அப்படியே கொண்டுவராதீர்கள். இங்கே சித்திரை மதியத்தில் செயற்கைப் புல்லில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. இறுகிய செம்மண், காய்கிற வெயில் என்று அக்ரிலிக்குக் கேட்டது எல்லாம் நம் ஊரிலேயே இருக்கிறது. தேவகோட்டை மச்சான் கேட்டபோது அதைத்தான் சொன்னேன். வேப்பமரத்து நிழலில் புல்லைப் போட்டால் என்ன என்கிறார். தினம் அந்த இலையைக் கூட்ட ஆள் இருந்தால் போடட்டும்.