வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா?

கொழும்புக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் திருச்சியில் ஆளாளுக்குச் சொன்னது ஒன்றுதான்: "வெள்ளவத்தையில் ரூம் பார். நம்ம ஊர் மாதிரியே இருக்கும்." முதல் வருடம் அங்கே ஓர் அனெக்ஸில் இருந்தேன். தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவது என்பதில் வீட்டுக்காரரோடு ஒத்துவராமல், இரண்டாம் வருடம் கொழும்பிலேயே தமிழர் நிறைய இருக்கும் இன்னொரு பகுதியான கொட்டாஞ்சேனைக்கு மாறினேன். இப்போது சொல்கிறேன், அந்த அறிவுரை தலைகீழ். நம்ம ஊர் மாதிரி இருப்பது கொட்டாஞ்சேனை. வெள்ளவத்தைதான் வெளிநாடு.

மொழியிலேயே தொடங்கிவிடும். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத் தமிழ்தான் அதிகம். வகுப்புத் தோழன் ஒருநாள் முகம் வாடி வந்தான். "அம்மா பேசினவா" என்றான். "எங்கம்மாவும் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் பேசுவாங்க" என்றேன். "பாவம் மச்சான்" என்று என் தோளைத் தட்டினான். பேசுவது என்றால் அங்கே திட்டுவது. நாம் பேசுவதை அவர்கள் 'கதைப்பது' என்கிறார்கள். இது விளங்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

சாப்பாட்டிலும் அதே கதைதான். வெள்ளவத்தையின் பெரிய சாலையான காலி வீதியில் ஒரு சைவக்கடையில் உட்கார்ந்தேன். கேட்காமலே ஒரு தட்டு நிறைய உளுந்து வடை, கடலை வடை, மரக்கறி ரோல்ஸ் வந்து உட்கார்ந்தது. மிச்சம் வைத்தால் மரியாதை இல்லை என்று ஐந்தைத் தின்றுவிட்டு மூச்சுத் திணறினேன். எடுத்ததற்கு மட்டும்தான் காசாம், மீதி அடுத்த மேசைக்குப் போய்விடுமாம். இன்னொரு கடையில் "கறி இருக்கா?" என்றேன். "ஓம், பருப்பு, கத்தரிக்காய், பூசணி. எது வேணும்?" என்றார். ஆட்டுக்கறியை நினைத்துப் போனவன் பூசணிக்கறியோடு திரும்பினேன். ஆனால் அந்த இடியப்பமும் சொதியும்! தேங்காய்ப்பாலில் மஞ்சள் தெளிந்து நிற்க, பச்சை மிளகாய் மிதக்க, இடியப்பம் ஊறும் அளவுக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும். பனங்கிழங்கு மாவில் மீன், நண்டு போட்டுக் காய்ச்சும் ஒடியல் கூழைக் கடைகளில் தேடி அலையாதீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிடும்வரை காத்திருங்கள்.

கொட்டாஞ்சேனையில் இந்தத் தடுமாற்றம் எதுவும் இல்லை. என் தெருமுனைத் தேநீர்க்கடைக்காரர் தேயிலை விளையும் மலையகத்துக்காரர். அவருடைய தாத்தா தோட்ட வேலைக்கு வந்தது துறையூர்ப் பக்கத்திலிருந்து. "தம்பி நம்மூரா?" என்று அவர் கேட்டபோது, கடல் தாண்டி வந்ததே மறந்துபோனது. கோதுமை ரொட்டியும் கட்டச் சம்பலும் காலையில் போதும். மிளகாய் உறைப்பில் தூக்கம் தானாகக் கலையும்.

கோயில் என்று பார்த்தால் கொட்டாஞ்சேனைப் பக்கத்தை அடிக்க முடியாது. நடக்கும் தூரத்தில் கொச்சிக்கடை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த பொன்னம்பலவாணேசுவரம் சிவன் கோயிலுக்குள் நுழைந்தால், உள்ளே அப்படியே நம் பக்கத்துக் கோயில். அருகிலேயே அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். முருகனுக்கான ஆடிவேல் விழாத் தேர் புறப்படும் செட்டியார் தெருவும் பக்கம்தான். வெள்ளவத்தையில் மயூரபதி அம்மன் இருக்கிறாள், சரி, ஆனால் இந்த நெருக்கமும் கலவையும் அங்கே இல்லை.

வெள்ளவத்தை ஜெயிப்பது புத்தகத்தில். 57ஆவது ஒழுங்கையில் 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. நூலகம் போக, நூல் வெளியீடுகளும் நடக்கும். நான் போன முதல் வெளியீட்டில் விலையைக் கேட்டு, சில்லறையை எண்ணிக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் மேடையில் ஆளுக்கொரு கடித உறையை நீட்டிவிட்டுப் புத்தகம் வாங்கினார்கள். விலையைவிடக் கூடுதலாகவே வைப்பார்களாம். கல்யாண மொய் மாதிரி எழுத்தாளருக்கு ஒரு மொய். இதை நம் ஊருக்கு யாராவது கடத்திக்கொண்டு போகலாம்.

ஓவியம், நாடகத்துக்கு இரண்டு இடமும் உதவாது. கொழும்பின் இன்னொரு பகுதியான கறுவாத்தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். லயனல் வென்ட் அரங்கம் அங்கே. 1943இல் கொழும்பில் உருவான '43 குழு' என்ற நவீன ஓவியர் குழுவின் படங்களை வைத்திருக்கும் சபுமல் அறக்கட்டளையும் அங்கேதான், ஓவியர் ஹாரி பீரிஸ் வாழ்ந்த வீட்டிலேயே. ஆண்டுக்கொரு முறை நடக்கும் 'கலா பொல' தெருவோர ஓவியச் சந்தை ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில். நடராசர் சிலையின் பொருளை மேற்குலகுக்கு எழுதிக் காட்டியவர் பெயரில் ஒரு தெரு, அதன் ஓரத்தில் படங்கள் சாய்ந்து நிற்கின்றன. வெள்ளவத்தையிலிருந்து போய்வருவது கொஞ்சம் சுலபம். வெள்ளவத்தைக்கு ரயிலும் உண்டு. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து ஐந்தாவது நிறுத்தம், கொள்ளுப்பிட்டியிலிருந்து வழி நெடுகக் கடல்.

ஊர் நினைப்பு தாங்காது என்பவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் போகட்டும். நானே இப்போது அங்கேதான் இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் அடுத்த வாரம் திருச்சியிலிருந்து வரும் ஜூனியருக்கு வெள்ளவத்தையில்தான் ரூம் பேசி வைத்திருக்கிறேன். மோட்டார் போடும் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொண்டேன்.