1 நிமிடம் 52 விநாடியிலிருந்து 19 விநாடிக்கு: பழைய லினக்ஸ் மடிக்கணினியோடு ஐந்து வருடம்

2019-ல் செகண்ட் ஹேண்டாக ஒரு மடிக்கணினி வாங்கினேன். 2012 மாடல், மூன்றாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பேட்டரி பேருக்குத்தான் இருந்தது, சார்ஜரைப் பிடுங்கினால் பத்து விநாடி கூடத் தாங்காது. வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது, மின்சாரமோ எங்கள் பக்கம் சொல்லிக்கொண்டு போகும் வழக்கமில்லை. அதனால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறையாவது முதலிலிருந்து பூட் செய்தாக வேண்டும். லினக்ஸ் எத்தனை விநாடியில் எழுகிறது என்பதில் எனக்கு வந்த பைத்தியத்துக்கு இதுதான் காரணம், மற்றபடி நானும் அணைக்காமல் சஸ்பெண்டில் (தூக்கத்தில்) போட்டுவிட்டுப் போகிற ஆள்தான்.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் பட்டனை அழுத்துவதில் தொடங்கி பிரவுசரில் முதல் பக்கம் வந்து நிற்கும் வரை, கைப்பேசி ஸ்டாப்வாட்ச்சில். கடவுச்சொல் தட்டும் நேரம் குறுக்கே வராமல் இருக்க ஆட்டோ லாகின் வைத்திருந்தேன் (வீட்டை விட்டு நகராத கணினி என்பதால் அந்தத் துணிச்சல்). இப்படி அளந்தபோது சுபுண்டு 18.04 என்ற லினக்ஸில் வந்தது 1 நிமிடம் 52 விநாடி. "பாலே பொங்கிடுச்சு, உன் பொட்டி இன்னும் எந்திரிக்கலையா"ன்னு அம்மா கேட்பார், அது வெறும் கிண்டல் இல்லை, நிஜமாகவே பால் பொங்கியிருக்கும்.

எல்லாரும் சொன்ன மருந்து எஸ்.எஸ்.டி., ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம். 2020 ஜனவரியில் ஒன்றை வாங்கி, பழைய டிஸ்க்கில் இருந்த ரூட் பார்ட்டிஷனை (லினக்ஸ் குடியிருக்கும் பகுதி) அப்படியே நகலெடுத்து, ஸ்வாப்பை (ராம் போதாதபோது கைகொடுக்கும் டிஸ்க் பகுதி) மட்டும் என்னத்துக்கு நகலெடுப்பது என்று புதிதாக உருவாக்கி, ஸ்டாப்வாட்ச்சோடு உட்கார்ந்தேன். 2 நிமிடம் 28 விநாடி! காசு கொடுத்து 36 விநாடி அதிகமாக வாங்கியிருந்தேன்.

திரையில் இருந்த லோகோவை எஸ்கேப் அழுத்தி விலக்கினால், ஏதோ ஒரு டிஸ்க்குக்காக ஒரு வேலை ஓடிக்கொண்டிருப்பதாக ஒரு வரியும், பக்கத்தில் 1 நிமிடம் 30 விநாடி என்ற வரம்பும். லினக்ஸில் சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்பிவிடும் சிஸ்டம்டி ஒரு சாதனத்துக்காக இயல்பாகக் காத்திருக்கும் நேரம் அந்த 90 விநாடி. நான் ஸ்வாப்பைப் புதிதாக உருவாக்கியபோது அதன் யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) மாறிவிட்டது, ஆனால் பூட்டில் எதையெல்லாம் இணைக்க வேண்டும் என்று சொல்லும், இடிசி கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய யூயூஐடியே இருந்தது. வீடு மாறிப் போனவரின் பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற கதை. பிஎல்கே-ஐடி கட்டளையில் புதிய எண்ணைப் பார்த்து எஃப்எஸ்டேப்பில் மாற்றியதும் 148 விநாடி 58 ஆனது.

58-ம் எனக்கு நம்பும்படி இல்லை. பூட் நேரத்தைப் பிரித்துக் காட்டும் சிஸ்டம்டி-அனலைஸ் கட்டளையைப் போட்டால், லினக்ஸின் மையமான கர்னலுக்கு மட்டும் 34 விநாடி காட்டியது. கர்னல் அவ்வளவு சோம்பேறி இல்லை, முழிக்க மூன்று நான்கு விநாடி போதும். இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது, அதே பழைய யூயூஐடி இன்னொரு இடத்திலும் உட்கார்ந்திருக்கிறது: இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறைக்குள், ரெஸ்யூம் என்ற ஒற்றை வரிக் கோப்பில். ஹைபர்னேட்டிலிருந்து (ராமில் இருப்பதை ஸ்வாப்பில் எழுதிவிட்டு அணைவது) எழ வேண்டுமோ என்று பார்க்க, ரூட்டை மவுண்ட் செய்வதற்கு (இணைப்பதற்கு) முன்பே, பூட்டின் தொடக்கத்தில் ராமில் ஓடும் இனிட்ராம்எஃப்எஸ் அந்த ஸ்வாப்பைத் தேடுகிறது, 30 விநாடி பார்த்துவிட்டுக் கைவிடுகிறது. சுபுண்டுவில் அந்த நேரம் கர்னல் கணக்கில் விழும் என்பதால் பழி கர்னல் தலையில். நான் ஹைபர்னேட் பயன்படுத்துவதே இல்லை, எனவே அந்த வரியில் நன் (none) என்று போட்டு, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினேன். 28 விநாடி. அன்றைக்குத்தான் எஸ்.எஸ்.டி.க்குக் கொடுத்த காசு கைக்கு வந்தது.

அந்த இரண்டு நாளில் பிடிபட்ட விஷயம், மீதி வருடங்கள் முழுக்க எனக்கு உதவியது: கணினி வேலை செய்வதால் போகிற நேரம் குறைவு, யாருக்காகவோ காத்திருப்பதால் போகிற நேரம்தான் அதிகம். இதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் 2019 செப்டம்பரில் கர்னல் 5.3 வெளிவரும் தருவாயில் நடந்தது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் டிஸ்க்கைத் தொடும் எண்ணிக்கையைக் குறைக்கிற ஒரு நல்ல திருத்தம் செய்தார்கள். டிஸ்க்கைக் குறைவாகத் தொட்டதால் அது கர்னலைத் தட்டி அழைக்கும் இன்டரப்ட்டுகள் குறைந்தன, அவற்றிலிருந்து கர்னல் சேகரிக்கும் ரேண்டம் சரக்கும் (கணிக்க முடியாத எண்களுக்கான மூலப்பொருள்) குறைந்தது, அதற்காகக் காத்திருந்த ஒரு நிரலால் சில கணினிகள் லாகின் திரைக்கு முன்பே நின்றுவிட்டன. வேகப்படுத்தப் போய் பூட் நின்றது! லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தத்தையே 5.3-லிருந்து எடுத்துவிட்டார், 5.4-ல் கர்னல் தானே ரேண்டம் சரக்கைத் தயாரித்துக்கொள்ளும் வழி வந்த பிறகுதான் அது திரும்பி வந்தது.

சரி, 28-க்கு வருவோம். இங்கேதான் சிஸ்டம்டி-அனலைஸின் பிளேம் என்ற துணைக் கட்டளை எல்லாரையும் போல என்னையும் ஏமாற்றியது. எந்தச் சேவை எத்தனை விநாடி எடுத்தது என்று பெரியதிலிருந்து வரிசையாகக் காட்டும், பார்த்ததும் முதல் நாலு பேரையும் வெட்டத் தோன்றும். ஆனால் அவை ஒரே நேரத்தில் ஓடுகின்றன, 7 விநாடி எடுத்த ஒன்று யாரையுமே தடுக்காமல் ஓரமாக ஓடியிருக்கலாம். பிளைமவுத்-க்விட்-வெயிட் என்று ஒன்று மேலே வந்து நிற்கும், அது செய்கிற வேலை லோகோ விலகும்வரை சும்மா நிற்பது மட்டும்தான்.

என் பட்டியலில் முதலில் இருந்தது நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன், நெட்வொர்க் இணையும்வரை காத்திருக்கும் சேவை, 7 விநாடி. அதை நிறுத்து என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருந்தது, நானும் நிறுத்தினேன். நேரம் குறைந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் வேலைக் கோப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறை காலி. அவை ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் இருக்கின்றன, அதுவும் ரவுட்டரும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் ஓடுகின்றன, மடிக்கணினி அந்தக் கோப்புறையை, நெட்வொர்க்கில் கோப்பு பகிரும் என்எஃப்எஸ் வழியாக பூட்டிலேயே மவுண்ட் செய்யும். வைஃபை இணைவதற்கு முன் மவுண்ட் செய்யப் போய்த் தோற்றிருக்கிறது. முந்தைய இரண்டு நாளும் எப்படியோ வைஃபை முந்திக்கொண்டிருக்கிறது போல.

அப்புறம்தான், யார் யாருக்காக நிற்கிறார்கள் என்று சங்கிலியாகக் காட்டும் கிரிட்டிக்கல்-செயின் என்ற துணைக் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன், முதலிலேயே பார்த்திருக்க வேண்டியது. லாகின் திரையைக் கொண்டுவரும் லைட்டிஎம், பயனர்களை உள்ளே விடும் யூசர்-செஷன்ஸ் சேவைக்காக நிற்கிறது, அது ரிமோட்-எஃப்எஸ் என்ற இலக்குக்காக, அது என் என்எஃப்எஸ் மவுண்டுக்காக, அது வைஃபைக்காக. எங்கோ மூலையில் இருக்கும் ஒரு கோப்புறைக்காகத் திரையே நின்றுகொண்டிருந்தது. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியோடு எக்ஸ்-சிஸ்டம்டி-ஆட்டோமவுண்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தேன். அதன்பின் அந்தக் கோப்புறையைத் திறக்கும்போதுதான் மவுண்ட் நடக்கும், பூட் யாருக்காகவும் நிற்காது. வெயிட்-ஆன்லைனைத் திரும்ப இயக்கிவிட்டேன், அது பாவம் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. 21 விநாடி.

மூன்று வருடம் இந்த 21-லேயே ஓடியது. கர்னலை நானே தொகுத்து மெலிய வைக்கவும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தேன், ஒரு விநாடி கூடத் தேறவில்லை, வைஃபைதான் போனது. யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

2023 ஜூனில் டெபியன் 12 வந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவினேன், இந்த முறை பயாஸுக்குப் பின்வந்த யூஇஎஃப்ஐ முறையில். முதல் அளவு 26 விநாடி. ஆனால் முன்பு பழைய பயாஸ் முறையில் காட்டாத இரண்டு எண்களை சிஸ்டம்டி-அனலைஸ் இப்போது காட்டியது: ஃபர்ம்வேர் (கணினிக்குள்ளேயே பதிந்து, முதலில் எழும் நிரல்) 8.8, லோடர் (லினக்ஸை ஏற்றிவிடும் நிரல்) 5.4. அதாவது லினக்ஸ் கண் விழிப்பதற்கு முன்பே 14 விநாடி போய்விடுகிறது, இத்தனை வருடம் நான் குடைந்துகொண்டிருந்ததெல்லாம் மீதிப் பாதியை. ஃபர்ம்வேர் அமைப்புகளுக்குள் போய் நெட்வொர்க் பூட்டையும் யூஎஸ்பி பூட்டையும் அணைத்தேன், 3 விநாடி மிச்சம். லோடரான கிரப்பின் மெனு டெபியனில் 5 விநாடி நிற்கும், அதை 1 ஆக்கிவிட்டு அப்டேட்-கிரப் ஓட்டினேன். பூஜ்யம் ஆக்கவில்லை, புதிய கர்னல் என்றைக்காவது சொதப்பினால் பழையதைத் தேர்ந்தெடுக்க ஒரு விநாடியாவது கையில் வேண்டும். கடைசிக் கணக்கு: ஃபர்ம்வேர் 5.8, லோடர் 1.4, கர்னல் 3.1, யூசர்ஸ்பேஸ் (கர்னலுக்குப் பிறகு எழும் சேவைகள்) 4.0. டெஸ்க்டாப்பும் பிரவுசரும் எழுவதையும் சேர்த்து ஸ்டாப்வாட்ச்சில் 19.

சிஸ்டம்டி இல்லாத ஒன்றையும் பார்த்துவிடலாம் என்று ரன்இட்டில் ஓடும் வாய்ட் லினக்ஸை இன்னொரு பார்ட்டிஷனில் ஒரு மாதம் வைத்திருந்தேன். அதே எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், அதே பிரவுசர், 17 விநாடி. சுத்தமாக இருக்கிறது, பிடித்துமிருந்தது, ஆனால் இரண்டு விநாடிக்காக டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) மாற்றச் சொல்லி ஒருவரிடம் எனக்கு வாய் வராது. வேகத்துக்காக டிஸ்ட்ரோ தாவுகிறவர்கள் முதலில் கிரிட்டிக்கல்-செயினைப் பார்க்கட்டும். 2008-லேயே ஆர்யன் வான் டி வெனும் ஆவ்க்கே கோக்கும் ஈ பிசி என்ற குட்டிக் கணினியில் லினக்ஸை 5 விநாடியில் எழுப்பிக் காட்டினார்கள், கர்னலுக்கு ஒரு விநாடி, திரையை வரையும் எக்ஸுக்கு ஒரு விநாடி என்று முன்கூட்டியே பங்கு பிரித்துக்கொண்டு. அந்தப் பங்கில் ஃபர்ம்வேருக்கு இடமே இல்லை. என் கணினியில் அது மட்டுமே ஆறு விநாடி விழுங்குகிறது, அதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

2024 மார்ச்சில் 1,900 ரூபாய்க்குப் புது பேட்டரி போட்டேன். இப்போது மின்சாரம் போனால் மூடியைச் சாத்துகிறேன், வந்தால் திறக்கிறேன், இரண்டு விநாடியில் விட்ட இடத்தில் நிற்கிறது. கர்னல் அப்டேட் வரும்போது மட்டும்தான் ரீபூட், கடைசியாகச் செய்தபோது ஸ்டாப்வாட்ச்சை அழுத்த மறந்தே போனேன்.