முசுறு காவல்: முந்திரிக்குத் தாராளமாக, மாமரத்துக்கு யோசித்து

மரத்தில் முசுறு, அதாவது இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பின் கூட்டைப் பார்த்தால் பந்தம் கொளுத்துவதுதான் பலருக்கும் வழக்கம். முந்திரித் தோப்பில் அதைச் செய்யாதீர்கள். துளிரையும் பூங்கொத்தையும் உறிஞ்சிக் கருக வைக்கும் தேயிலைக் கொசு என்ற நாவாய்ப்பூச்சிக்கு எதிராகச் சம்பளமில்லாமல் கிடைக்கும் ஆள் இதுதான். தென்சீனத்தில் பாய்ப் பைகளில் முசுறு விற்றதும், அது இல்லாத ஆரஞ்சு மரங்களில் பழமெல்லாம் பூச்சி அரித்ததும் கி.பி. 304-லேயே எழுதப்பட்டிருக்கிறது.

கூடு கட்டுவதைக் கிட்டே நின்று பாருங்கள். ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி இலை விளிம்புகளை இழுத்துப் பிடிக்கும். இன்னொன்று தன் கூட்டத்தின் குஞ்சான புழுவை வாயில் ஏந்தி, தறியில் நாடா ஓடுவதுபோல் இங்குமங்கும் தொட்டுத் தொட்டுப் பட்டிழையால் தைக்கும். பசை, நூல் எல்லாம் அந்தப் புழுதான்.

குடியேற்றுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒரு கூட்டத்துக்குப் பல மரங்களில் பல கூடுகள் இருக்கும். வேலைக்காரிகள் ஐந்து லட்சம் வரை போகும். ராணி பெரும்பாலும் ஒன்றே. கைக்கு எட்டிய இரண்டு கூட்டை மட்டும் வெட்டி வந்தால் ராணி வராது, சில மாதங்களில் கூட்டம் தேய்ந்துவிடும். உச்சிக் கூடுகளை விடாமல், ஒரே நாளில், வெயிலுக்கு முன் கிளையோடு நறுக்கிச் சாக்கில் கட்டுங்கள். இரண்டு கூடுகள் ஒரே கூட்டத்துடையவைதானா என்று சந்தேகமா? ஒன்றிலிருந்து நாலைந்தை மற்றதன் மேல் விட்டுப் பாருங்கள். கட்டிப் புரண்டால் அந்நியர், தனித்தனியாக வையுங்கள்.

புது மரத்தில் வேறு எறும்பு இருக்கக் கூடாது. நிழலான கவட்டையில் சாக்கைக் கட்டி வாயைத் திறந்துவிட்டு, முதல் வாரம் சர்க்கரைத் தண்ணீரும் மீன் கழிவும் வைக்கலாம். கிளைகள் உரசாத மரங்களுக்கிடையே கயிறு கட்டுங்கள். ஆனால் இரண்டு கூட்டங்களின் எல்லையில் கயிறு வேண்டாம், உரசும் கிளைகளையும் கழித்துவிடுங்கள்; இல்லாவிட்டால் வேட்டையை விட்டுச் சண்டையில் இறங்கிவிடும். முதன்மைக் கிளைகளில் பாதிக்கு மேல் எறும்புச் சாரை ஓடினால் காவல் போதும்.

குறைகள் உண்டு. இனிப்புக் கழிவுக்காக மாவுப்பூச்சியையும் செதில் பூச்சியையும் மாடுபோல் வளர்க்கும். இலையில் கரும்பூசணம் படரும். அந்தக் கிளையில் மட்டும் மீன் எண்ணெய் ரோசின் சோப்பை லிட்டருக்கு 25 கிராம் கரைத்துத் தெளியுங்கள். தோப்பு முழுக்கப் பூச்சிமருந்து அடித்தால் காவலும் சேர்ந்தே போகும்.

மாமரத்தில் கூடுதல் தொல்லை: முசுறு பீய்ச்சும் அமிலம் பட்டால் பழத்தோலில் கரும்புள்ளி விழும், சந்தையில் விலை இறங்கும். பறிக்க ஏறுபவர் கைகாலில் சாம்பல் பூசினாலும் கடி முழுதாகத் தப்பாது. முந்திரிக்கு அந்தச் சிக்கல் குறைவு, உதிர்ந்த கொட்டையைத் தரையில்தானே பொறுக்குகிறோம். என் மதிப்பெண்: முந்திரிக்கு ஐந்தில் நாலு, மாமரத்துக்கு இரண்டரை.

முந்திரிக்கும் ஏன் முழு மதிப்பெண் இல்லை? பட்டைக்குள் குடையும் தண்டுத் துளைப்பான் புழுவை இது எட்டாது. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் தெரிந்தால் உளியோடு நாம்தான் குந்த வேண்டும்.