பெர்கோலேட்டர்: குழாய் நெளிந்த பிறகு புரிந்தது

அடுப்பில் வைத்துக் காப்பி காய்ச்சும் பெர்கோலேட்டரை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஒன்பது ஆண்டுகளாக அதைப் புழங்குபவன் நான்; ஆனால் அவர் கேட்ட நேரத்தில் என்னுடையது வேலை செய்யாமல் கிடந்தது. அடியில் சூடாகும் நீர் நடுக்குழாய் வழியே மேலேறி, மூடிக்குக் கீழே கூடையிலுள்ள காப்பித்தூளின் மேல் கொட்ட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. மூடியிலுள்ள கண்ணாடிக் குமிழில் மட்டும் ஒரு சொட்டுகூட எட்டிப் பார்க்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில், நடுக்குழாயின் அடியில் கவிழ்த்த புனல் போல் அகன்றிருக்கும் பகுதியின் விளிம்பு நெளிந்திருந்தது. அது பாத்திரத்தின் அடியோடு படிந்து உட்கார்ந்தால்தான் அங்கே உண்டாகும் நீராவிக் குமிழிகள் குழாய்க்குள் செல்லும்; இல்லாவிட்டால் பக்கவாட்டில் நழுவிவிடும். நீராவிதான் தண்ணீரை முட்டித் தள்ளுகிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், குழாய்க்குள் குமிழிகள் கலந்த நீர் அடர்த்தி குறைந்து லேசாகிவிடுவதால், வெளியிலுள்ள கனமான நீர் அடிவழியே நுழைந்து அதை மேலே ஏற்றுகிறது. குழாய் குறுகலானது என்பதால், பெருத்த குமிழிகள் தமக்கு மேலுள்ள நீரையும் துண்டு துண்டாகச் சுமந்துகொண்டு போகின்றன. கோவைப் பக்கத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் கம்ப்ரசர் மூலம் காற்றை இறக்கித் தண்ணீர் எடுப்பதும் இதே கணக்குதான். பாத்திரப் பட்டறைக்காரர் நாலு தட்டுத் தட்டி விளிம்பைச் சமன் செய்ததும் 'குபுக் குபுக்' ஒலி திரும்பிவிட்டது.

என் கோபம் பழுதின் மீதன்று. நம் பித்தளை பில்டரில் வெந்நீர் ஒரே முறைதான் தூளைக் கடந்து இறங்கும். இதிலோ வடிந்த காப்பியே மீண்டும் அடிக்குப் போய்ச் சூடேறி, மீண்டும் தூளின் மேல் கொட்டுகிறது. அடியில் மட்டும் கொதித்து, மேலுள்ள நீர் இன்னும் கொதிநிலையைத் தொடாத இடைவேளையில் அடுப்பை அணைத்தால் நல்ல காப்பி; சற்றே அசந்தால் கஷாயம். அமெரிக்காவில் 1889இல் ஹான்சன் குட்ரிச் காப்புரிமை பெற்ற அமைப்பு இன்றும் இந்தக் குறையோடுதான் விற்பனைக்கு வருகிறது. சிக்கரி கலந்த நைசான தூளைப் போட்டால் அடியில் சேறு வேறு.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருமுறை இதை ஊட்டிக்கு எடுத்துச் சென்றிருந்தேன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 92, 93 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. அந்த மூன்று நாளும் கசப்பு நாக்கில் உறைக்கவில்லை. குற்றம் பாத்திரத்தினுடையதா, சமவெளியினுடையதா என்ற ஐயம் அன்று முதல் எனக்கு உண்டு.

நண்பருக்கு "வாங்காதீர்கள்" என்றே எழுதினேன். பழுது நீங்கிய அன்று மாலை இரண்டு முறை காய்ச்சினேன். இரண்டாவதைக் குடிக்கவில்லை, கண்ணாடிக் குமிழில் நீர் வெளிர்மஞ்சளிலிருந்து கரும்பழுப்பாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.